கன்றுகள் இலவசம்

எங்கள் கட்டடத்து லிஃப்ட் அடிக்கடி நின்றுபோனதற்குக் காரணம் என் தம்பியின் காதல். கூடவே இருந்தும் இதைக் கண்டுபிடிக்க எனக்கே ரொம்ப நாள் பிடித்தது. லிஃப்ட் நின்றால் மெக்கானிக் வர வேண்டும். மெக்கானிக் என் தம்பி. வந்ததும் தரைத்தளத்தில் இருக்கும் என் தையற்கடையில் பையை வைப்பான், தண்ணீர் குடிப்பான், தலையைச் சீவுவான், நேராக இரண்டாவது மாடிக்கு ஏறுவான். பழுது எங்கே இருந்தாலும் அவன் திறந்து பார்ப்பது இரண்டாவது மாடிக் கதவைத்தான். அந்தக் கதவுக்கு எதிரே பல் டாக்டரம்மாவின் கிளினிக்.

டாக்டருக்கும் அவன் வயதுதான் இருக்கும், நாற்பதைத் தொடப் போகிற வயது. கல்யாணம் என்று யாராவது ஆரம்பித்தால், "முதல்ல அந்தக் கடைவாய்ப் பல்லைக் காட்டுங்க" என்று பேச்சை மாற்றிவிடுவார். மெதுவாக நடக்கத் தெரியாது, மெதுவாகச் சிரிக்கவும் தெரியாது. அவர் மாடியில் சிரித்தால் கீழே நான் வெட்டும் துணி கோணும்.

என் தம்பியோ வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டு பிறந்தவன். என் வீட்டுப் பின்னறையில் வருடக்கணக்காக இருக்கிறான், அவன் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். வேடிக்கை என்னவென்றால், லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் வெளியே நின்று மணிக்கணக்கில் ஆறுதல் சொல்வான். கதை சொல்வான், பாட்டுக்கூடப் பாடுவான். நடுவில் ஒரு கதவு இருக்க வேண்டும், அவ்வளவுதான். டாக்டர் நேரில் வந்து நின்றால் அவனுக்கு வருவது இரண்டே வார்த்தை: "ஆயில் போட்டாச்சு."

ஊருக்குப் பின்னால் ஒரு மலைச்சரிவு இருக்கிறது. முந்தின வருடக் கோடையில் தீப்பிடித்து ஒரு வாரம் எரிந்தது. அணைந்த பிறகு பார்த்தால் கரிக்கட்டைகள் மட்டும் நின்றன. அன்றைக்கே டாக்டர் என் கடைக்கு வந்து மேசையில் ஓங்கித் தட்டினார்.

"பல்லு போன வாய் மாதிரி இருக்குக்கா அந்த மலை. எனக்குக் கை சும்மா இருக்குமா?"

சும்மா இருக்கவில்லை. வனத்துறையிடம் அனுமதி வாங்கினார். சிகிச்சைக்கு வந்தவர்கள் வாயைத் திறந்தபடி மறுக்க முடியாமல் கிடந்த நேரமாகப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை மரம் நட வர்றீங்கதானே?" என்று கேட்டார். "ஆ" என்றவர்கள் எல்லாரும் தொண்டர்கள் ஆனார்கள். பஸ் ஓட்டுநர், தச்சர், பள்ளிக்கூட வாட்ச்மேன் என்று பெரிய கூட்டமே சேர்ந்துவிட்டது. என் தம்பிக்குப் பல்லில் ஒரு குறையும் இல்லை. அவன் தானாகவே போய் நின்றான்.

அவனை உளவு பார்க்கத்தான் நானும் போனேன். மரத்துக்கும் எனக்கும் உள்ள உறவு என் கடை மேசையோடு சரி. ஆனால் குழி வெட்டி, மட்கிய உரம் போட்டு, ஒரு செடியை இறக்கி, சுற்றிலும் மண்ணை மிதித்துவிட்டு நிமிர்ந்தபோது எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. அடுத்த ஞாயிறு அவனுக்கு முன்னால் நான் எழுந்து தயாராக நின்றேன். இரண்டு கையிலும் தண்ணீர் வாளி தூக்கிக்கொண்டு அவன் மலையில் ஏறி இறங்குவதைப் பார்த்து டாக்டர், "லிஃப்ட் சார், நீங்க மனுஷனா மெஷினா?" என்று கேட்டார். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "ஆயில் போட்டாச்சு." அன்று இரவு நான் அவனுக்குச் சோறு போடவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டர் தன் பேன்ட்டைக் குட்டையாக்கக் கொண்டு வந்தார். நான் முட்டிபோட்டு உட்கார்ந்து ஓரத்தை மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். வழக்கமான சிரிப்பு இல்லை.

"அக்கா, தூரத்து ஊர்ல பெரிய ஆஸ்பத்திரில கூப்பிடுறாங்க. பல் பிரிவுக்கே தலைமை. திங்கக்கிழமை பதில் சொல்லணும்."

என் வாயில் குண்டூசிகள். "ம்?" என்றேன்.

"இங்க நட்டதுல முக்காவாசி காஞ்சு போச்சு. ஞாயித்துக்கிழமை ரேஞ்சர் வர்றார். குழி எல்லாத்துலயும் கன்னு இருந்தாத்தான் அனுமதியை நீட்டிப்பாராம். நர்சரில நமக்குன்னு வெச்சிருந்த கன்னு மொத்தமும் வேர் அழுகிப்போச்சுன்னு இப்பத்தான் போன் வந்துச்சு." கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மலை கையில இருந்தா நான் போக மாட்டேன். மலையும் போச்சுன்னா இந்த ஊர்ல எனக்கு வேற என்னக்கா இருக்கு? யாருக்கு நான் வேணும்?"

என் தம்பி இருக்கிறானே என்று கத்தத் தோன்றியது. குண்டூசிகளை விழுங்கிவிடுவேனோ என்று பயந்து அடக்கிக்கொண்டேன். கத்தரிக்கோலை எடுக்கத் திரும்பினால், லிஃப்ட் பக்கத்தில் ஸ்பேனரோடு அவன் நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டான் என்பதை முகம் சொன்னது. சுண்ணாம்பு அடித்த சுவருக்கும் அவனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

டாக்டர் போனதும் அவன் தானாக வந்து என் எதிரே உட்கார்ந்தான். "அக்கா, கன்னு வேணும்" என்றான். என் தம்பி என்னிடம் ஒன்று வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவன் ஊரில் உள்ள எல்லா நர்சரிக்கும் அலைந்தான். மழைக்காலம் நெருங்கிவிட்டதால் எங்கும் எல்லாம் விற்றுப்போயிருந்தது. வியாழக்கிழமை நான் நூல்கண்டு வாங்கிவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். புறவழிச் சாலையில், பச்சைக் கொடி படர்ந்த ஒரு மதில்மேல் பலகை தெரிந்தது. "கன்றுகள் இலவசம். அன்பாகப் பார்த்துக்கொள்பவர்களுக்கு மட்டும்." கீழே போன் நம்பர். நான் எழுந்து நின்று பஸ்ஸுக்குள்ளேயே கைதட்டினேன். இப்படி ஒரு நர்சரி கண்முன்னால் இருந்தும் இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கடையை இழுத்துச் சாத்திவிட்டுத் தம்பியைப் பேச வைத்தேன். போன்தானே, நடுவில் கதவு இருப்பதுபோலத்தான், பேசிவிடுவான் என்று தெரியும். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தோம்.

"சார், கன்னு இலவசமா தர்றதா போர்டு பாத்தோம்."

"ஆமா சார்." கனத்த, சோகமான ஆண் குரல். "எத்தனை வேணும்?"

"இருக்கிற எல்லாத்தையும் எடுத்துக்குறோம்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "எல்லாத்தையுமா? நெஜமாவா? ஒண்ணு எடுத்துக்கவே யோசிக்கிறாங்க சார்."

"நாட்டு ரகம்தானே? எங்க டாக்டர் வேற எதையும் சேக்க மாட்டாங்க."

"பெரும்பாலும் நாட்டு ரகம். கொஞ்சம் கலப்பும் இருக்கு."

தம்பி என்னைப் பார்த்தான். "ஒட்டு ரகத்தைச் சொல்றார்டா" என்று கிசுகிசுத்தேன். எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் உண்டா?

"உயரம் எவ்வளவு இருக்கும்?"

"இடுப்பு உயரம் இருக்கும். சிலது நெஞ்சு வரைக்கும் வரும்."

"அடேயப்பா! நல்லா வளத்திருக்கீங்க சார்."

"பெத்த புள்ள மாதிரி வளத்தேன்."

"பூச்சி எதுவும் இல்லையே?"

"போன வாரம்தான் பூச்சி மருந்து குடுத்தேன். தண்ணி மட்டும் ரெண்டு வேளை காட்டிருங்க."

தண்ணீர் காட்டுவது மாட்டுக்குத்தான், செடிக்கு ஊற்றுவதுதான் வழக்கம். அது எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. எவ்வளவு அழகாகப் பேசுகிறார் மனிதர் என்று நினைத்தேன்.

"வேலி இருக்கா சார்?" என்று அவர் கேட்டார்.

"பலமா போட்டிருக்கோம். மாடு கடிச்சிடக் கூடாதில்லையா."

"மாடு எங்க சார் கடிக்கும், முட்டும்." அவர் சிரித்தார். தம்பியும் சிரித்தான். இரண்டு பேரும் எதற்குச் சிரித்தார்கள் என்பது இரண்டு பேருக்குமே தெரியாது. "கயிறோட தர்றேன். புது எடம் பாருங்க, மொதல்ல நிக்காது. குச்சி அடிச்சுக் கட்டி வைங்க."

"கட்டிடுவோம் சார். எல்லாத்துக்கும் குச்சி தயாரா இருக்கு."

"ஒரே ஒரு சத்தியம் மட்டும் பண்ணுங்க." குரல் உடைந்தது. "வெட்டுக்கு மட்டும் குடுத்துடாதீங்க."

என் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். "சார், ஒண்ணைக்கூட வெட்ட விட மாட்டோம். வெட்ட வர்றவன் எங்க டாக்டரைத் தாண்டித்தான் வரணும்."

அந்த மனிதர் ஓவென்று அழுதுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் லாரியிலேயே மலையடிவாரத்துக்கு ஏற்றி வருவதாகச் சொன்னார். போனை வைத்ததும் நானும் தம்பியும் தையல் மெஷினைச் சுற்றிச் சுற்றி ஆடினோம். அவன் ஆடி நான் பார்த்ததே இல்லை. டாக்டரிடம் சொன்னபோது அவர் மூன்று படியை ஒரே தாவலாகத் தாவி இறங்கி வந்து, "லிஃப்ட் சார், நீங்க தெய்வம்!" என்றார். அவன் வாயைத் திறந்தான், மூடினான், மெஷினுக்கு ஆயில் போடப் போய்விட்டான்.

ஞாயிறு காலை சரிவில் எல்லாரும் கூடியிருந்தோம். புதிதாக வெட்டிய குழிகள் வரிசை வரிசையாகத் தயாராக இருந்தன. ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் உரம், ஒரு குச்சி. ரேஞ்சர் வந்து நின்றார். அவர் வார்த்தையை அளந்து பேசுகிற ஆள். "கன்று எங்கே?" என்றார்.

"வந்துட்டே இருக்கு சார். எல்லாம் நாட்டு ரகம்" என்றார் டாக்டர் பெருமையாக.

வேலிக் கதவைத் தாண்டி லாரி உள்ளே வந்தது. நாங்கள் கைதட்டினோம். தச்சர் விசில் அடித்தார். லாரி பதிலுக்கு "ம்மா" என்றது.

"நர்சரி லாரி ஏன் கத்துது?" என்று டாக்டர் கேட்டார்.

லாரியிலிருந்து ஓர் ஆஜானுபாகுவான மனிதர் இறங்கினார். சலவை செய்த வெள்ளைச் சட்டை, அழுது சிவந்த கண். மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, லாரியின் பின்கதவை அவர் இறக்கியதும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. செவலையும் கறுப்பும் வெள்ளையுமாக அத்தனை கன்றுக்குட்டிகள். எல்லாம் கழுத்தில் புதுக் கயிறோடு, காதை விறைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தன. நாங்களும் பார்த்தோம்.

"இது என்ன?" என்றார் ரேஞ்சர்.

தம்பியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கன்று சார்."

அதில் தப்புக் கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை. கன்றுதான். நாட்டு ரகம்தான். இடுப்பு உயரம்தான்.

பண்ணைக்காரர் அதற்குள் குழிகளைப் பார்த்துவிட்டார். வரிசை வரிசையாக, ஒவ்வொரு கன்றுக்கும் ஒன்று என்பதுபோல. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"குழி எதுக்கு சார்?"

"கன்னு நடத்தான்" என்றார் வாட்ச்மேன், நடந்தது புரியாமல். "இறக்கி வெச்சு, கழுத்து வரைக்கும் மண்ணைத் தள்ளி, நல்லா மிதிச்சுடுவோம்."

"ஐயோ, உயிரோடயா!" என்று அவர் போட்ட அலறலில் கன்றுகள் மிரண்டன. ஒன்று குதித்தது. ஒன்று குதித்தால் மற்றது சும்மா இருக்குமா? மொத்தமும் எங்கள்மேல் பாய்ந்து, உரத்தை வாரியடித்து, குச்சிகளைச் சாய்த்து, வாலைத் தூக்கிக்கொண்டு மலைமேல் ஓடின.

"பிடிங்க!" என்று டாக்டர் கத்தினார். "மேல பாறை இருக்கு, விழுந்துடும்!"

அதன் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல யாராலும் முடியாது. பஸ் ஓட்டுநர் ஒரு கன்றின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கன்று போன வழியெல்லாம் போனார். தச்சர் ஒரு குழிக்குள் விழுந்து, எழுந்து, அடுத்த குழிக்குள் விழுந்தார். நான் கழுத்தில் இருந்த அளவு டேப்பைக் கழற்ற மறந்து வந்திருந்தேன். ஒரு செவலைக் கன்று அதன் ஒரு முனையை வாயில் கவ்வி இழுக்க, மறுமுனையில் நான் அதோடு ஓட, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டு மலை ஏற முடியாது. உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தும் சிரித்தேன். பண்ணைக்காரர் அழுதுகொண்டே ஓடியவர், என்னைப் பார்த்து அவரும் சிரிக்க ஆரம்பித்தார். ரேஞ்சர் மட்டும் சிரிக்காமல், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெகு மரியாதையாக ஓடினார்.

சரிவின் உச்சியில் ஆள் உயரத்துக்கு முட்புதர் மண்டிக் கிடக்கும். நாங்கள் யாரும் அதைத் தாண்டிப் போனதில்லை. கன்றுகளுக்கு அதெல்லாம் தெரியுமா, முட்டி மோதி வழி உண்டாக்கிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கிவிட்டன. தம்பி அதே வழியில் புகுந்தான். அவன் பின்னால் டாக்டர், டாக்டர் பின்னால் ரேஞ்சர். கடைசியில் மூச்சு வாங்க நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் மூன்று பேரும் அசையாமல் நின்றிருந்தார்கள்.

கீழே பள்ளம் முழுக்கப் பச்சை. கரிந்துபோன அடிமரம் ஒவ்வொன்றையும் சுற்றிப் புதுக் கிளைகள் கொத்துக்கொத்தாக விட்டிருந்தன. இடையில் இருந்த மண்ணிலெல்லாம் செடிகள், முழங்கால் உயரம், இடுப்பு உயரம். யாரும் குழி வெட்டவில்லை, யாரும் வாளி தூக்கவில்லை. கறுப்புக் கன்று ஒன்று நடுவில் நின்று ஒரு தளிரை ருசி பார்த்துக்கொண்டிருந்தது. தம்பி ஓடிப்போய் அதை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டான்.

ரேஞ்சர் முட்டிபோட்டு உட்கார்ந்தார். ஒரு செடியைத் தொட்டார், இன்னொன்றைத் தொட்டார். அளந்து பேசுகிற மனிதருக்கு மடை திறந்துகொண்டது.

"வேர் சாகல! மேல எரிஞ்சிருக்கு, உள்ள வேர் உயிரோட இருந்திருக்கு. இது அடியில வெடிச்சு வந்தது. இது பறவை போட்ட விதை. இது காத்துல வந்தது. காடு தன்னால வந்துட்டு இருக்குங்க!" சட்டென்று என் பக்கம் திரும்பினார். "இதே தளிர் கீழயும் வந்திருக்கணுமே? நீங்க பாத்ததில்லையா?"

நான் அந்த இலையைப் பார்த்தேன். டாக்டரும் பார்த்தார். எங்களுக்கு அதை நன்றாகவே தெரியும்.

"பாத்திருக்கோம் சார்" என்றார் டாக்டர் ஈனசுரத்தில். "களைன்னு நெனச்சு வாராவாரம் பிடுங்கிப் போட்டோம்."

தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அந்தப் பெரிய சிரிப்பு வெடித்தது. "நல்ல பல்லைப் பிடுங்கிட்டு கட்டுப்பல்லு வெச்சிருக்கேன்க்கா!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். பின்னால் வந்து சேர்ந்த எல்லாரும் விஷயம் கேட்டுக் குதித்தார்கள். காடு வந்துவிட்டதாம், தானாக வந்துவிட்டதாம். யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்றே தெரியவில்லை. என்னை ஒரு கன்று கட்டிப்பிடித்ததாக ஞாபகம்.

மற்றக் கன்றுகளையும் பிடித்துக் கட்டியதும் ரேஞ்சர் பண்ணைக்காரரைத் தனியாக அழைத்து, கன்றுகள் ஒரு நிமிஷமும் இங்கே நிற்கக் கூடாது என்றார். தீனி போடக் கட்டுப்படியாகாமல்தான் கொடுத்தேன், கொடுப்பதாகச் சொன்ன நாளிலிருந்து தூக்கமே இல்லை என்றார் அவர். "கீழ வேலியோரம் புல்லு மண்டிக் கெடக்கு. தீ பிடிக்கிறதே அதுலதான். அறுத்துட்டுப் போங்க, எவ்வளவு வேணும்னாலும் இலவசம்" என்றார் ரேஞ்சர். அந்த மனிதர் அத்தனை கன்றுக்கும் தனித்தனியாக அந்தச் செய்தியைச் சொல்லப் போனார்.

பிறகு ரேஞ்சர் டாக்டரிடம் வந்தார்.

"அனுமதியை நீட்டிக்கப் போறதில்ல டாக்டர். நீங்க தோத்துட்டீங்கன்னு இல்ல. இனி குழி வெட்டினா இருக்கிற வேர்தான் அறுபடும். ஆளு வராம, மாடு வராம, தீ வராம விட்டாலே போதும். அதை நாங்க பாத்துக்குவோம். இந்தக் காட்டுக்கு இனி நீங்க வேண்டாம்."

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றார் டாக்டர். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். முகம் முழுக்க மண்ணும் கண்ணீருமாகச் சிரித்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "பேஷண்ட் தானா குணமாயிட்டா டாக்டர் கிளம்ப வேண்டியதுதானேக்கா" என்றார். சிரிப்பு அங்கேயே இருந்தது, குரல் மட்டும் இறங்கிவிட்டது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மலை பிழைத்தது. ஆனால் கையை விட்டுப் போய்விட்டது. நாளை திங்கட்கிழமை. அவரை இந்த ஊரில் பிடித்து வைக்க இனி ஒரு செடிகூட இல்லை. கறுப்புக் கன்றைத் தூக்கிக்கொண்டு நின்ற என் தம்பியைப் பார்த்தேன். அவனுக்கும் அது புரிந்துவிட்டிருந்தது. டாக்டர் திரும்பி இறங்க ஆரம்பித்தார். அவன் வாய் மூடியே இருந்தது. கன்று மட்டும் அவன் காதை நக்கிக்கொண்டிருந்தது.

என்னால் பொறுக்க முடியவில்லை. மலை அதிரக் கத்தினேன்.

"வாயைத் திறடா!"

பஸ் ஓட்டுநரும் தச்சரும் வாட்ச்மேனும் பழக்கதோஷத்தில் பட்டென்று வாயைத் திறந்தார்கள். டாக்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். தம்பியும் திறந்தான். அவனுக்கும் அவருக்கும் நடுவில் கதவு இல்லை, போன் இல்லை, ஒரு கன்றுதான் இருந்தது. முதலில் காற்றுதான் வந்தது. நான் என் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

"காட்டுக்குத்தான் நீங்க வேண்டாம்" என்றான். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "எனக்கு வேணும்."

வாயைத் திறந்தவர்கள் மூட மறந்துவிட்டார்கள். டாக்டர் அவனையே பார்த்தார். நெற்றியில் மண், தலையில் முள், கையில் மாடு. இப்படியொரு கோலத்தில் யாரும் யாரையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"இதைச் சொல்றதுக்கு உங்களுக்கு ஒரு லாரி கன்னுக்குட்டி தேவைப்பட்டுச்சா?" என்றார் டாக்டர்.

"எனக்குத் தெரியலங்க" என்றான் அவன். "மரம்னு நெனச்சுத்தான் கேட்டேன்."

டாக்டர் சிரிக்க ஆரம்பித்தவர் நடுவிலேயே நிறுத்திவிட்டார். கண்ணைத் துடைத்தார். அவசரமாகப் பையைத் துழாவி போனை எடுத்தார். நாளை வரை எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, அந்த ஆஸ்பத்திரிக்காரரை அங்கேயே கூப்பிட்டார். பள்ளத்தில் சிக்னல் சரியாக இல்லை. ஒரு பாறைமேல் ஏறி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

"சார், நான் வரல! மன்னிச்சுக்குங்க! இல்ல சார், சம்பளம் எல்லாம் இல்ல! காரணமா?"

திரும்பித் தம்பியைப் பார்த்தார்.

"இங்க ஒருத்தருக்கு நான் வேணுமாம் சார்!"

மறுமுனையில் காதில் விழவில்லை போலிருக்கிறது. டாக்டர் பாறை நுனிக்குப் போய், நுனிக்காலில் நின்று, மலை முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னார்.

"வேணுமாம்!"

நான் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். தம்பி கன்றை இறக்கி வைக்கவே மறந்து நின்றான்.